பெயர் ஒன்று, பொருள் வேறு: மலையக அடுப்படியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா என்று எந்த மலையக நகரத்துக் கடைக்குப் போனாலும் ஒரே சரக்குக்கு இரண்டு மூன்று பெயர்கள் காதில் விழும். தோட்ட வீடுகளில் தலைமுறைகளாக வந்த தமிழகப் பழக்கம், யாழ்ப்பாணத்துக் கறித்தூள், சிங்களச் சமையலின் கிரட்ட என்ற பால்கறியும், கீரையை அரிந்து தேங்காய்ப்பூவோடு கிளறும் மல்லுமும் எல்லாம் இங்கே ஒரே அடுப்பில் கூடுகின்றன. சுவைக்கு இது பெரிய வரம். ஆனால் ஒரு குறிப்பு எந்த அடுப்படியிலிருந்து வந்தது என்று பாராமல், அதிலுள்ள சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு சமைத்தால் கறி கெட்டுவிடும்.

கறித்தூளில்தான் இந்தக் குழப்பம் அதிகம். யாழ்ப்பாணத் தூளில் மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயத்தோடு செத்தல் மிளகாயும் சேர்ந்தே அரைபடும். சிங்களவர் ‘துனபஹ’ என்று சொல்லும் தூளில் பொதுவாக மிளகாய் இராது. காரத்தைத் தனியாகத்தான் போடுவார்கள். சிங்களக் குறிப்பொன்று ‘கறித்தூள் 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி’ என்று சொல்லும்போது யாழ்ப்பாணத் தூளை அள்ளிப் போட்டால் காரம் இரட்டிப்பாகும். மாற்றிச் செய்தால் கறி சப்பென்று நிற்கும். அளப்பதற்கு முன் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பாருங்கள், எந்தத் தூள் என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது, வறுத்த தூளா வறுக்காத தூளா என்பது. பருப்புக்கும், உருளைக்கிழங்கு, பீன்ஸ் போன்ற பால்கறிகளுக்கும் வறுக்காத தூள். இறைச்சிக்குக் கருக வறுத்த தூள். பால்கறியில் வறுத்த தூளைப் போட்டால் நிறம் இருண்டு, காய்கறியின் சுவையே அமுங்கிப்போகும். இறைச்சிக் கறியில் தூள் முழுவதையும் தொடக்கத்திலேயே கொட்டிவிடுவதும் தவறு. நெடுநேரக் கொதியில் வாசம் ஆவியாகிவிடும். ஒரு தேக்கரண்டியளவு மீதம் வைத்து, இறக்குவதற்கு 5 நிமிடம் முன் தூவ வேண்டும்.

வீட்டில் வறுப்பவர்கள் எல்லாச் சரக்கையும் ஒரே சட்டியில் கொட்டக் கூடாது. மல்லிக்குச் சூடு ஏறுவதற்குள் சிறிய சீரகம் கருகிவிடும். கருகிய கசப்பை உப்போ புளியோ போக்காது. மெல்லிய நெருப்பில் ஒவ்வொன்றாக வறுத்து, வெந்தயத்தைக் கடைசியில் இலேசாகச் சிவந்ததும் எடுத்துவிடுங்கள். முழுவதும் ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்துப் போத்தலில் அடைத்தால் உள்ளே நீராவி தங்கித் தூள் கட்டியாகும். பனிமூட்டமும் ஈரமும் உள்ள நம் ஊர்களில் அது பூஞ்சணம் பிடிக்க நாளாகாது.

கடையில் சிங்களத்தில் கேட்டு வாங்கும்போது மூன்று பெயர்களை மனதில் வையுங்கள்: சூதுரு என்பது சின்னச் சீரகம், மாதுரு என்பது பெருஞ்சீரகம், அதாவது சோம்பு, களுதுரு என்பது கருஞ்சீரகம். சோம்பு இனிப்பு வாசம் உள்ளது. ரசத்தில் சீரகத்துக்குப் பதிலாக அது விழுந்தால் ரசம் ரசமாக இராது. உணவுக்கடைப் பட்டியலில் ‘கிரட்ட’ என்றால் தேங்காய்ப்பாலில் காரம் குறைவாக வைத்த கறி. ‘மிரிசட்ட’ என்றால் மிளகாய்த்தூள் தூக்கலான சிவந்த கறி. பிள்ளைகளுக்கு வாங்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

கொறக்கா என்ற உலர்த்திய புளிப்புப் பழச்சுளையைப் புளியைப் போலக் கரைத்து ஊற்றப் பார்ப்பவர்கள் பலர். புளிக்குப் புளிப்புத் தருவது தார்த்தாரிக் அமிலம்; கொறக்காவில் முதன்மையானது ஹைட்ரொக்சி சிட்ரிக் அமிலம். இரண்டின் சுவையும் ஒன்றல்ல. காய்ந்த கொறக்கா கரையவும் கரையாது. அரைக் கிலோ மீனுக்கு 3 சுளையைக் கழுவி, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, உப்பும் மிளகும் சேர்த்து அம்மியில் விழுதாக்கி மீனில் பூச வேண்டும். இப்படிக் கொறக்கா பூசி வற்றவைக்கும் அம்புல் தியல் என்ற மீன்கறிக்கு மண்சட்டிதான் ஏற்றது. இவ்வளவு புளிப்பை அலுமினியச் சட்டியில் வைத்தால் அமிலம் உலோகத்தை அரிக்கும். கறியில் உலோகச் சுவை ஏறும்.

கறுவாவை விலை பார்த்து மட்டும் வாங்காதீர்கள். இலங்கைக் கறுவா காகிதம் போல மெல்லிய பல அடுக்குகள் உள்ளுக்குள் சுருண்ட குச்சி; கையால் எளிதில் நொறுங்கும். கசியா என்ற சீனப்பட்டை தடித்த ஒற்றைச் சுருள். விறகு போல இருக்கும். சுவை மட்டும் வேறல்ல. கசியாவில் குமரின் என்ற பொருள் மிகுதி. அது அளவு மீறினால் ஈரலுக்குக் கெடுதி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வகுத்த வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். இலங்கைக் கறுவாவில் குமரின் மிகச் சொற்பம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நம் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. தூளாகிவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். ஆகவே குச்சியாக வாங்கி வீட்டில் இடியுங்கள்.

தேங்காய்ப்பாலில் சுருக்கமான விதி: தண்ணிப்பாலில் வேகவை, கெட்டிப்பாலில் முடி. கெட்டிப்பாலைத் தளதளவென்று கொதிக்க விட்டால் திரிந்துவிடும். ஊற்றி, ஓரத்தில் கொதி எழும்போதே இறக்குங்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகே பிழிய வேண்டும்.

கொழும்பில் எழுதிய குறிப்பின் நேரக் கணக்கு மலையில் செல்லாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நெருப்பைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது. கடலையை இரவு முழுக்க ஊறவையுங்கள். தக்காளியும் புளியும் கடலை மெத்தென்று வெந்த பிறகே. புளிப்பு முதலில் விழுந்தால் தோல் இறுகி, மணிக்கணக்கில் அடுப்பில் கிடந்தாலும் வேகாது. குக்கரில் 600 மீற்றருக்கு மேல் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் 5 வீதம் நேரத்தைக் கூட்டுவது வழக்கமான கணக்கு. நுவரெலியாவில் 20 நிமிட வேலைக்கு 24 நிமிடம். கேக்குக்கு எதிர்மாறு. காற்றழுத்தம் குறைவதால் மாவு சீக்கிரம் பொங்கி நடுவில் அமிழ்ந்துவிடும். பேக்கிங் பவுடரைக் கால்வாசி குறையுங்கள். அப்பச்சோடாவை அதற்குப் பதிலாக அதே அளவில் போடவே கூடாது. தயிரோ பாணியோ போன்ற புளிப்புப் பொருள் கூட இருந்தால்தான் அது வேலை செய்யும். இல்லாவிட்டால் சவர்க்காரச் சுவைதான் மிஞ்சும்.

கடைசியாக லேபல். ‘இயற்கை’ என்று முன்பக்கம் பெரிதாக இருப்பதை விட்டுப் பின்பக்கச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடை கூடியது முதலில் வரும். கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய கித்துள் பாணி என்று விற்கும் போத்தலில் முதற்பெயர் சீனியாக இருந்தால் அது கித்துள் வாசம் கலந்த சீனிப்பாணி. விரதக்காரர்கள் சம்பல் போத்தலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சீனிச் சம்பலிலும் கட்டைச் சம்பலிலும் பெரும்பாலும் மாசிக் கருவாடு இருக்கும். இடித்துச் சேர்ப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் செய்தால் மாசியை விட்டு, வெங்காயத்தைக் கூடுதலாக வதக்கி, கறுவாவும் ரம்பை இலையும் சேர்த்துக்கொள்ளலாம்.