கிறிஸ்துமஸ் மரத்துக்கு குவில்ட் ட்ரீ ஸ்கர்ட்: முதல்முறை தைப்பவர்களுக்கு

பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தை எவ்வளவு அலங்கரித்தாலும் கீழே அந்த மூன்று இரும்புக் கால்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அதை மறைக்கத்தான் ட்ரீ ஸ்கர்ட். வட்டமான விரிப்பு, நடுவில் ஒரு துளை, துளையிலிருந்து ஓரம் வரை ஒரு திறப்பு. மரத்தில் நிஜ மெழுகுவத்தி ஏற்றிய காலத்தில், உருகி விழும் மெழுகும் உதிரும் ஊசியிலைகளும் தரையில் படாமலிருக்க அடியில் துணி விரித்தார்கள். இப்போது மெழுகுக்கு வேலையில்லை, பரிசுப் பொட்டலங்களை அடுக்க ஓர் இடம் கிடைக்கிறது.

இங்கே சொல்லப்போவது சுமார் 40 அங்குல விட்டமுள்ள குவில்ட் ஸ்கர்ட், அதாவது மேல்துணி, நடுவில் வாடிங், அடித்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைப்பது. நான்கு, ஐந்து அடி மரத்துக்குச் சரியாக இருக்கும். இந்த அளவைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் 44 அங்குல அகலத் துணி. அடித்துணியை ஒட்டுப்போடாமல் ஒரே துண்டில் முடித்துவிடலாம். நேர்த்தையல் போடத் தெரியும், பாபினில் நூல் சுற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வாங்க வேண்டியவை

மேல்பக்கத்துக்கு இரண்டு நிறக் காட்டன், ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் (36 அங்குல அகலத் துணி என்றால் ஒன்றேகால் மீட்டர்). அடித்துணி ஒன்றேகால் மீட்டர். ஓரப்பட்டிக்கு அரை மீட்டர். இரண்டு துணிக்கும் நடுவில் வைக்க 44 அங்குலச் சதுரத்துக்கு மெல்லிய ஃபைபர் வாடிங் (பஞ்சு விரிப்பு). தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய ஃபிளானல் போர்வையும் நன்றாகவே உழைக்கும். தலையணைக்குப் போடும் தடிமனான வாடிங் வேண்டாம், மெஷினுக்கு அடியில் நுழையாது.

சாட்டின், வெல்வெட் பக்கம் போகாதீர்கள். கடையில் பளபளவென்று கிறிஸ்துமஸ் களையோடுதான் இருக்கும், ஆனால் கத்தரியிலும் நழுவும், ஊசியிலும் நழுவும். ஒரு பக்கமாகவே நிற்கும் டிசைனும் வேண்டாம். வெட்டும்போது துண்டுகளை மாற்றி மாற்றித் தலைகீழாக வைப்போம், பாதி மான்கள் தலைகீழாக நிற்கும். கட்டம், புள்ளி, சின்னப் பூ எல்லாம் சரி.

சிவப்பும் வெள்ளையும் சேர்க்கிறீர்கள் என்றால் சிவப்பைத் தனியாக அலசிப் பாருங்கள். சாயம் போனால் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். எல்லாத் துணியையும் ஒருமுறை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுங்கள்.

உருளும் கத்தியும் அதற்கான பாயும் வாங்கச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எட்டுத் துண்டு வெட்ட அது தேவையில்லை. கூர்மையான கத்தரிக்கோல் போதும். மிச்சமாகும் காசில் 14ஆம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட் வாங்குங்கள். மூன்று அடுக்கை மழுங்கிய ஊசியில் தைத்தால் தையல் விட்டுவிட்டுப் போகும்.

பேட்டர்ன்

பாகைமானி எதுவும் வேண்டாம். ஒரு முழுச் சார்ட் பேப்பர் எடுத்து, அதன் ஒரு மூலையில் குட்டை ஓரம் நீள ஓரத்தின் மேல் படியும்படி மடியுங்கள். மூலை 90 டிகிரி, மடித்தால் 45. எட்டு 45 சேர்ந்தால் முழு வட்டம். மூலையில் இன்ச் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு 21 அங்குலத்தில் வரிசையாகப் புள்ளி வைத்து, புள்ளிகளை வளைவாக இணையுங்கள். நுனியிலிருந்து 2 அங்குலத்தில் இன்னொரு சின்ன வளைவு. வெட்டினால் பீட்சாத் துண்டு வடிவில் பேட்டர்ன் தயார். அதை நீளவாக்கில் சரிபாதியாக மடித்து நடுக்கோடு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நடுக்கோடு துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் துண்டின் இரண்டு பக்கமும் ஒரே அளவு சாய்வாக வெட்டுப்படும். ஒன்று நேராகவும் ஒன்று கிராஸாகவும் (இழைக்குச் சாய்வாகவும்) அமைந்துவிட்டால் தைக்கும்போது ஒரு பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு நிறத்திலும் நான்கு துண்டு, அகலத்தில் தலைகீழாக மாற்றி மாற்றி வைத்தால் ஒரே வரிசையில் அடங்கும்.

தையலுக்கு என்று தனியாகத் துணி விட வேண்டாமா? வேண்டாம். ஓரத்துக்கு இணையாகத் தைக்கும்வரை துண்டின் கோணம் 45 டிகிரியாகவே இருக்கும், வட்டம் மட்டும் முக்கால் அங்குலத்துக்கும் குறைவாக உள்ளே சுருங்கும்.

துண்டுகளை இணைப்பது

இரண்டு நிறத்தையும் மாற்றி மாற்றி, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, கால் அங்குலத்தில் தையுங்கள். தையல் நெருக்கம் அங்குலத்துக்கு 10 முதல் 12. முதலில் நான்கு துண்டு சேர்த்து ஓர் அரைவட்டம், பிறகு இன்னோர் அரைவட்டம்.

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை, ஏனென்றால் ஸ்கர்ட் தரையில் சரியாகப் படியுமா என்பது இந்த இடத்தில்தான் முடிவாகிறது. துண்டின் அகலமான முனைக்கு வரும்போது கை தானாகவே துணியை உள்ளே தள்ளும். அங்கே அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்துவிட்டால் இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்துக் கால் அங்குலம் போய்விடும். ஏழு தையலுக்கு ஒன்றே முக்கால் அங்குலம். கடைசியில் திறப்பு மூடாமல் வாய் பிளந்து நிற்கும், ஸ்டாண்டின் கால் அதன் வழியாக எட்டிப் பார்க்கும். மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, துணியின் ஓரத்தை அதன் மேலேயே ஓடவிடுங்கள். பார்வை ஊசியில் இருக்க வேண்டாம், டேப்பில் இருக்கட்டும்.

அரைவட்டம் முடிந்ததும் அதன் நேர் ஓரத்தைத் தரை டைல்ஸின் கோட்டில் வைத்துப் பாருங்கள். கோட்டோடு கோடாக நின்றால் மேலே போகலாம். நடுப்பகுதி கோட்டில் இருக்க, இரண்டு முனையும் கோட்டைத் தாண்டி இறங்கினால் கோணம் அதிகம். அதை விட்டுவிடலாம், திறப்பில் ஓர் ஓரம் மற்றதன் மேல் கொஞ்சம் ஏறும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். முனைகள் கோட்டை எட்டாமல் உள்ளேயே நின்றால் கோணம் குறைவு. எந்தத் தையலில் வெளிமுனை அகலமாகப் பிடித்திருக்கிறது என்று பார்த்து அதைப் பிரித்துத் தையுங்கள்.

பிறகு இஸ்திரி. பெட்டியை வைத்து எடுங்கள், வேட்டிக்குத் தேய்ப்பதுபோல இழுத்துத் தேய்க்காதீர்கள். சாய்வாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும், நீண்டது திரும்பச் சுருங்காது. கோணப் பிழையைத் திறப்பு தாங்கிக்கொள்ளும். நீண்டுபோன ஓரத்தை எதுவும் சரிசெய்யாது, விரிப்பு அப்பளம்போல நெளிந்தே கிடக்கும். தையல் மடிப்புகள் எல்லாம் அடர்நிறத் துணியின் பக்கம் சாயட்டும், வெளிர்நிறத்தில் நிழல் தெரியாது.

இரண்டு அரைவட்டத்தையும் ஒரு பக்கம் மட்டும் இணையுங்கள். எட்டாவது தையல் கிடையாது, அதுதான் திறப்பு. திறந்த இரண்டு ஓரத்திலும் கால் அங்குலம் வெட்டி எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டி நிற்கும்.

மூன்று அடுக்கு

தரையைத் துடைத்துவிட்டு அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்க விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். சுருக்கம் இருக்கக் கூடாது, மேளத்தோல்போல விறைப்பாக இழுக்கவும் வேண்டாம். அதன்மேல் வாடிங், அதன்மேல் தைத்த வட்டம். நடுவிலிருந்து வெளியே போகும் திசையில், நான்கு விரல்கடை இடைவெளியில் ஊக்கு குத்துங்கள். குண்டூசி கையைக் கிழிக்கும், கழன்றும் விழும். ஊக்குதான் நல்லது. அடித்துணியையும் வாடிங்கையும் இப்போது வெட்ட வேண்டாம், திறப்பும் துளையும் இன்னும் மூடியே இருக்கட்டும்.

இனி குவில்டிங். முதலில் ஏழு தையல் பள்ளங்களிலும் நடுவிலிருந்து வெளியே ஒரு தையல். திறப்பின் இரண்டு ஓரத்தையும் ஒட்டி ஒவ்வொரு தையல். பிறகு ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஓரங்களுக்கு இணையாக இரண்டு அங்குலம் தள்ளி மேலும் கோடுகள். எல்லாமே நடுவிலிருந்து வெளியே. ஒன்று வெளியே போய், அடுத்தது உள்ளே வந்தால் மேல்துணி முறுக்கிக்கொள்ளும். தையல் நெருக்கத்தை அங்குலத்துக்கு 8 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கிங் ஃபூட் (மேல்துணியையும் நகர்த்தும் தனி மெஷின் ஃபூட்) இருந்தால் மேல்துணியும் கீழ்த்துணியும் ஒன்றாக நகரும். வாங்கச் சொல்லி நான் பரிந்துரைக்கும் ஒரே உபரிச் சாமான் இதுதான். பழைய கறுப்பு மிதிமெஷின் என்றால் உங்கள் மாடலுக்கு ஃபூட் தேடி அலைவதைவிடக் கையாலேயே ஓட்டுத்தையல் போடுங்கள். வங்காளத்துக் காந்தாவில் பழைய புடவைகளை அடுக்கி முழுக்க ஓட்டுத்தையலில்தான் சேர்க்கிறார்கள். இந்த விரிப்புக்குத் தடித்த நூலில் போட்டால் மெஷினைவிட அழகாகவே இருக்கும்.

வெட்டு, ஓரப்பட்டி

நடுப்புள்ளியில் டேப்பைப் பிடித்து 20 அங்குலத்தில் வட்டம் வரைந்து மூன்று அடுக்கையும் சேர்த்து வெட்டுங்கள். பிறகு திறப்பை வெட்டுங்கள். திறப்பின் கீழ்மூலை இரண்டையும் டம்ளர் கவிழ்த்து வளைவாக வெட்டிவிட்டால் மூலை மடிக்கும் தொல்லை போயிற்று. துளைக்கு இரண்டரை அங்குல ஆரம். வெட்டுவதற்கு முன் அந்தக் கோட்டுக்கு அரைக்கால் அங்குலம் வெளியே ஒரு சுற்று தைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் கம்பி ஓர் அங்குலம்தானே, துளை எதற்கு இவ்வளவு பெரிதாக என்று தோன்றும். சின்னத் துளையில் பட்டி வளையாது. கீழ்க்கிளைகள் எப்படியும் மறைத்துவிடும்.

பட்டி கிராஸாகத்தான் வெட்ட வேண்டும், நேர்ப்பட்டி வளைவில் சுருங்கும். வெளி ஓரத்துக்கு இரண்டேகால் அங்குல அகலம். ஒட்டுப்போட்டு நீளமாக்கி, இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, துளையருகே திறப்பில் தொடங்கி, கீழே இறங்கி, வட்டம் சுற்றி, மறுபக்கம் மேலேறி முடியுங்கள். சுமார் 160 அங்குலம் பிடிக்கும், கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் மெஷினில் கால் அங்குலத்தில், பின்பக்கம் கையால் எம்மிங். கடையில் விற்கும் ரெடிமேட் பைப்பிங் பெரும்பாலும் வழுக்குகிற பாலியஸ்டர், நான் வாங்குவதில்லை.

துளைக்கு ஒன்றேகால் அங்குல ஒற்றைப்பட்டி, இரண்டு பக்கமும் 10 அங்குலம் நீட்டிவிட்டு. பிளவுஸ் கழுத்துக்குப் பட்டி வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. வெளிவட்டத்தில் பட்டியை இழுக்காமல் தளர்வாக விட வேண்டும். உள்வட்டத்தில் மட்டும் லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் துளையின் விளிம்பில் கொசுவம் விழும். நீட்டிய முனைகளை மடித்துத் தைத்தால் அதுவே கட்டும் நாடா.

பிறகு சேர்த்தது

தைத்த விரிப்பு இஸ்திரி போட்டதும் தட்டையாகிவிட்டது என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். ஃபைபர் வாடிங் பாலியஸ்டர், சூடு தாங்காது. அடுக்கு சேர்த்த பிறகு மிதமான சூட்டில், மேலே ஒரு துணி போட்டுத்தான்.

சவுக்குக் கிளையை மணல் வாளியில் நடுபவர்கள் சிலர் இதே அளவு சரிவருமா என்று கேட்டார்கள். வாடிங் வைத்த விரிப்பு வாளியின் வாயில் விறைத்துக்கொண்டு கூடாரம்போல நிற்கும். வாளிக்கு வாடிங் இல்லாமல் மேல்துணியும் அடித்துணியும் மட்டும் வைத்துத் தையுங்கள், மடிந்து தொங்கும்.

ஆறு, ஏழு அடி மரத்துக்கு 48 அங்குலமாவது வேண்டும். பேட்டர்ன் ஆரம் 25 அங்குலம், சார்ட் பேப்பர் எட்டாவிட்டால் ஒட்டி நீட்டுங்கள், அடித்துணியில் ஓர் ஒட்டு வரும். மேல்துணி ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றரை மீட்டர் வாங்குங்கள், 44 அங்குல அகலத்தில் இந்தத் துண்டுகள் ஒரு வரிசைக்கு மூன்றுதான் அடங்கும்.

விளக்கு வயர் எங்கே போகும் என்றும் கேட்டிருந்தார்கள். திறப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வயரை அதன் வழியாகவே பிளக்குக்குக் கொண்டுபோங்கள். விரிப்புக்கு அடியில் வயரைச் சுருட்டி வைக்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வெளியே இருக்கட்டும்.