பாத்ரூம் பெயின்ட்: டைல்ஸைப் பார்க்காமல் வெள்ளை வாங்காதீர்கள்

கோவையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்கிறேன். இருபது வருடம் ஆகப்போகிறது. போன மாதம் ஒரு பெயின்ட் கடையில், தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் வீட்டுக்காரம்மாவிடம் ஷேட் கார்டை விரித்து, கடை டியூப்லைட் வெளிச்சத்திலேயே பாத்ரூமுக்கு நிறம் முடிவு செய்துகொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். அதில் ஒரு குடும்பம் எவ்வளவு செலவு செய்தது என்பது இன்றும் என் மனதில் இருக்கிறது.

ஓதம் அடிக்கும் சுவரில் பெயின்ட் அடிக்கக் கூடாது, பட்டி காயாமல் அடுத்த கோட் ஏற்றக் கூடாது என்பதையெல்லாம் எந்தப் பெயின்டரும் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். பாத்ரூமில் நிறத்தையும் பெயின்டையும் தேர்ந்தெடுக்கும்போது அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வெள்ளைதானே என்று வாங்குவது

வடவள்ளி பக்கம் ஒரு புது வீடு. பாத்ரூமில் ஏழு அடி உயரம் வரை ஐவரி நிற டைல்ஸ். அதற்கு மேல் சுவரும் சீலிங்கும்தான் என் வேலை, கூடவே வாஷ்பேசினுக்குக் கீழே உள்ள கப்போர்டு. “எல்லாம் வெள்ளையா இருக்கட்டும் தம்பி” என்றார் அந்த அம்மா. கடையில் இருந்ததிலேயே பளிச்சென்ற வெள்ளையை வாங்கி இரண்டு கோட் அடித்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. டைல்ஸெல்லாம் மஞ்சளடித்துப் பழசு மாதிரி தெரிகிறது, சிமென்ட் கறையாக இருக்குமா என்று கேட்டார். போய்ப் பார்த்தேன், உண்மையிலேயே மஞ்சளாகத்தான் தெரிந்தது. எனக்கும் காரணம் புரியவில்லை. கறையாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சொல்லுக்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

அவர்கள் ஆசிட் வாங்கி மூன்று நாள் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். டைல்ஸ் மாறவே இல்லை. ஆசிட் சிமென்டைத் தின்னும் பொருள், அதனால் டைல்ஸ் இடுக்கில் இருந்த கிரவுட் அரித்துப்போனது. குழாய்களின் குரோம் பூச்சு மங்கியது. கப்போர்டின் அடிப்பக்கம் பெயின்ட் பொங்கி உரிந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த இடுக்குகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, பின்னால் இருந்த படுக்கையறைச் சுவரில் ஓதம். கிரவுட், குழாய், கப்போர்டு, படுக்கையறைச் சுவர் என்று எல்லாம் சேர்த்து 35,000 ரூபாயைத் தாண்டியது. அந்த டைல்ஸில் ஒரு நாளும் கறை இருந்ததில்லை. நான் அடித்த வெள்ளைதான் அதை அழுக்காகக் காட்டியது.

நம் கண் நிறத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு வெள்ளையிலும் ஒரு சாயல் ஒளிந்திருக்கும். ஒன்றில் நீலம், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சாம்பல், சிலவற்றில் லேசான ரோஸ். நீலச் சாயல் உள்ள வெள்ளையை ஐவரிக்கு மேலே வைத்தால் ஐவரி மஞ்சளாகிவிடும். அதே டைல்ஸுக்கு மேலே கொஞ்சம் கிரீம் கலந்த வெள்ளை இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து அழகாக இருந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் ஒன்று போதும். பளிச்சென்று தெரிவதற்காக அந்தத் தாளில் வெண்மை கூட்டும் பொருள் சேர்ப்பதால் அதன் வெள்ளை நீலம் பக்கம் சாய்ந்திருக்கும். தாளை டைல்ஸ் மேல் வையுங்கள், அப்புறம் வாஷ்பேசின் மேல், கமோடு மேல். தாளுக்குப் பக்கத்தில் டைல்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் பெயின்டும் கிரீம் பக்கம்தான் போக வேண்டும். பல வீடுகளில் வாஷ்பேசின் தூய வெள்ளையாகவும் டைல்ஸ் ஐவரியாகவும் இருக்கும். அங்கே சுவர் டைல்ஸோடு சேரட்டும். கப்போர்டை வெள்ளையாக்காமல் மர நிறத்துக்கோ சாம்பல் கலந்த பழுப்புக்கோ கொண்டு போங்கள். ஒரே இடத்தில் மூன்று விதமான வெள்ளை நின்றால் அதில் ஒன்று கட்டாயம் அழுக்காகத் தெரியும்.

அடுத்தது பல்பு. நம் வீடுகளில் பாத்ரூமுக்கு ஒரு சின்ன வென்டிலேட்டர்தான் இருக்கும், அதனால் பகலிலும் விளக்கு போட்டுத்தான் உள்ளே போகிறோம். பல்பு அட்டையில் 3000கே, 4000கே, 6500கே என்று போட்டிருக்கும், அது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவு. 3000கே மஞ்சள் வெளிச்சம், கிரீம் பெயின்டை இன்னும் மஞ்சளாக்கும். 6500கே நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், சாம்பலை நீலமாக்கிவிடும். எலக்ட்ரிசியன் பல்பு மாட்டிய பிறகுதான் நிறம் பார்க்க வேண்டும். நம் ஊரில் இது பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது.

நான் இப்போது செய்வது இது. இரண்டடிக்கு இரண்டடி ஹார்ட்போர்டில் சாம்பிள் பெயின்ட்டை இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுவேன், ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் இருக்காது. பிறகு டைல்ஸுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக் காலையில் ஒரு தடவை, இரவில் கதவைச் சாத்தி விளக்கு போட்டு ஒரு தடவை வீட்டுக்காரர்களையே பார்க்கச் சொல்வேன். தரையில் படுக்க வைத்துப் பார்க்கக் கூடாது, மேலிருந்து விழும் வெளிச்சத்தில் அது வேறு நிறம் காட்டும். சின்ன அறையில் நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை இன்னொன்றின் மேல் வீசும், அதனால் கார்டில் பார்த்ததைவிட நிறம் அழுத்தமாக வரும். அதே வரிசையில் ஒரு படி வெளிர் நிறத்தை எடுப்பது நல்லது.

இதற்கெல்லாம் ஆவது ஒரு நாள், சில நூறு ரூபாய். அந்த ஒரு நாள் காத்திருக்கப் பெயின்டருக்கும் மனமில்லை, வீட்டுக்காரருக்கும் மனமில்லை. இன்றும் இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கப்போர்டுக்கு எண்ணெய் எனாமல் வெள்ளை

வெளிச்சம் படாத இடத்தில் எண்ணெய் எனாமலின் வெள்ளை தானாகவே மஞ்சளாகும். முதலில் கதவின் உள்பக்கம் மாறும், பிறகு சுவரோரம். அம்மோனியா உள்ள கிளீனர் பயன்படுத்தும் வீட்டில் இன்னும் சீக்கிரம். வெள்ளைதான் வேண்டும் என்றால் தண்ணீரில் கலக்கும் எனாமலோ பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட்டோ அடியுங்கள். பியூ வாங்கும்போது மஞ்சளாகாத வகையா என்று கேட்டு வாங்குங்கள், எல்லாப் பியூவும் அப்படி இல்லை.

போர் தண்ணீர் வீட்டில் கறுப்பு கப்போர்டு

படத்தில் கறுப்பும் கருநீலமும் நன்றாக இருக்கும். ஆனால் தெறித்த ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக உப்பு விடும். அதைச் சுரண்டினால் கோடு விழும், ஆசிட் போட்டால் பெயின்டே போய்விடும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிய குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் மணல் நிறம், சாம்பல் கலந்த பழுப்பு போன்ற நடுத்தர நிறங்களுக்குப் போங்கள்.

கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் அழுத்தமான பச்சை

முகம் வெளிறித் தெரியும். வேண்டாம்.

எல்லா இடத்திலும் மேட்

பளபளப்பில்லாத மேட் பெயின்ட் சீலிங்குக்குச் சரி. வாஷ்பேசின் பக்கத்துச் சுவரில் துடைக்கத் துடைக்கத் திட்டுத் திட்டாகப் பளபளப்பு ஏறும். அங்கே லேசான பளபளப்புள்ள சாட்டின் பினிஷ் அடியுங்கள்.

பரணில் கிடக்கும் பழைய எனாமல்

வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பா எதுவாக இருந்தாலும் குழந்தைகள் கை வைக்கும் கப்போர்டுக்கு அடிக்காதீர்கள்.

நிறத்தின் எண்ணைத் தொலைப்பது

இரண்டு வருடம் கழித்துப் பிளம்பர் சுவரை உடைப்பார், ஒரு கை அளவு இடத்துக்குப் பெயின்ட் தேவைப்படும். அப்போது கடையில் “கிரீம் மாதிரி ஒரு வெள்ளை” என்று கேட்டால் கிடைக்காது. டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஷேட் எண், நிறம் கலக்க எடுத்த அடிப்படைப் பெயின்ட் (பேஸ்) எது, எந்தத் தேதியில் கலந்தது எல்லாம் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, சீட்டைக் கப்போர்டுக் கதவின் உள்பக்கம் தண்ணீர் படாத இடத்தில் ஒட்டிவிடுங்கள்.