சொந்தமாகக் கட்டிய விமானத்துக்குக் கட்டாய அறிவிப்புகள்: எதை, எங்கே, எந்த அளவில் ஒட்டுவது

அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டி முடித்தவர், பறக்கத் தகுதிச் சான்றிதழுக்காக ஆய்வாளரை அழைப்பதற்கு முன் விமானத்தில் தகடு, அறிவிப்பு ஒட்டும் வேலைகளை முடித்திருக்க வேண்டும். எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) விதிகளின் கட்டாயப் பட்டியல் சின்னதுதான். ஆனால் அதில் இருப்பதெல்லாம் அளவுகோலை வைத்துப் பார்க்கிற விஷயம், விளக்கம் சொல்லித் தப்ப முடியாது.

முதலில் அடையாளத் தகடு. விதி 45.11, 45.13 இரண்டும் இதைப் பற்றியவை. கட்டியவர் பெயர், மாடல் பெயர், வரிசை எண் மூன்றும் தீயில் அழியாத தகட்டில் பொறித்தோ அச்சுக் குத்தியோ இருக்க வேண்டும். உடற்பகுதியின் வெளிப்புறத்தில், கடைசிக் கதவை ஒட்டிப் பின்பக்கமோ, வால் இறக்கைகளுக்கு அருகிலோ, தரையில் நிற்பவர் வாசிக்கும்படி பொருத்துங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடே சரி. அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், பெட்ரோல் தீ அதைத் தாண்டும். பலர் கோட்டை விடுவது தகட்டில் இல்லை, அதைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டில். ஸ்டீல் தகட்டை அலுமினிய பாப் ரிவெட் போட்டு மாட்டினால், தீயில் ரிவெட் உருகித் தகடு கழன்று விழும். மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) அல்லது ஸ்டெயின்லெஸ் ரிவெட் போடுங்கள். பசை வேண்டவே வேண்டாம். துணி போர்த்திய உடலென்றால் தகடு உள்ளேயிருக்கும் குழாய்ச் சட்டத்தைப் பிடித்து நிற்க வேண்டும், துணியை நம்பி அல்ல.

கட்டியவர் பெயர் என்ற இடத்தில் கிட் (பூட்டிச் சேர்க்கும் பாகங்களின் தொகுப்பு) விற்ற நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது, உங்கள் பெயர்தான். மாடலும் வரிசை எண்ணும் பதிவு விண்ணப்பத்தில் உள்ளபடியே, ஒரு சிறு கோடுகூட மாறாமல் இருக்கட்டும். விண்ணப்பத்தில் ‘ஆர்வி-7’, தகட்டில் ‘ஆர்வி7’ என்றிருந்தால் காகிதத்தைத் திருத்த அலைய வேண்டிவரும். பதிவு கைக்கு வந்த பிறகே தகட்டைப் பொறிக்கக் கொடுங்கள்.

அடுத்தது ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற சொல். விதி 45.23-இன்படி, கேபினுக்கோ காக்பிட்டுக்கோ ஏறும் ஒவ்வொரு வழியின் அருகிலும் ஆங்கிலத்தில் இது இருக்க வேண்டும். எழுத்தின் உயரம் 2 அங்குலத்துக்குக் குறையாமல், 6 அங்குலத்துக்கு மிகாமல். கணினியில் எழுத்து அளவை 144 பாயிண்ட் என்று வைத்தால் 2 அங்குலம் வந்துவிடும் என நினைப்பவர்கள் அதிகம். 72 பாயிண்ட் ஓர் அங்குலம் என்பது உண்மைதான், ஆனால் அந்த அளவு எழுத்தின் மேலும் கீழுமுள்ள வெற்றிடத்தையும் சேர்த்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் பெரிய எழுத்து அதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் நிற்கும், அதாவது சுமார் 1.4 அங்குலம். 2 அங்குலம் வேண்டுமென்றால் 206 பாயிண்ட் அளவில் வைத்து, அச்சிட்ட காகிதத்தில் எழுத்தையே அளந்து பாருங்கள். 2.1 அங்குலம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆங்கிலத்தில் மொத்தம் 12 எழுத்து. சாதாரண அகலத்தில் 19 அங்குலம் அளவுக்கு நீளும். கேனபியின் (காக்பிட்டை மூடும் கண்ணாடி போன்ற மூடி) ஓரச் சட்டத்தில் அந்த இடம் இருக்கிறதா என்று பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கதவு இரண்டு என்றால் இதுவும் இரண்டு.

மூன்றாவது, பயணி எச்சரிக்கை. ‘இது சொந்தமாகக் கட்டிய விமானம், வழக்கமான விமானங்களுக்குரிய மத்திய அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்க அமைந்ததல்ல’ என்பது அதன் சாரம். உங்களுக்குத் தரப்படும் இயக்க வரம்புகள் தாளில் உள்ள ஆங்கில வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், சுருக்காதீர்கள். காக்பிட்டில் எல்லா இருக்கையிலிருந்தும் தெரிய வேண்டும். நான்கு இருக்கை விமானத்தில் பேனலின் வலது மூலையில் ஒட்டிவிட்டுப் பின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள், முன்னிருப்பவரின் தோள் மறைக்கும்.

பதிவு எண்ணின் பொதுவான உயரம் 12 அங்குலம். சொந்தமாகக் கட்டியதாய் இருந்து, அதிகபட்சப் பயண வேகம் 180 நாட் (மணிக்கு 180 கடல் மைல்) தாண்டாவிட்டால் 3 அங்குலம் போதும். ஆனால் வான்பாதுகாப்பு அடையாள மண்டலத்தை (வரும் விமானம் யாருடையது என்று பார்க்கும் எல்லையோர வான்பகுதி) கடக்கும்போது 12 அங்குலம் தேவை, தற்காலிகமாக ஒட்டினாலும் சரி.

இதற்கு அப்பால் உள்ளவற்றை விமானத்தின் தேவைதான் தீர்மானிக்கும். எரிபொருள் செலக்டரின் ஒவ்வொரு நிலையிலும் டேங்க் பெயரும் பயன்படுத்தக்கூடிய அளவும் எழுதுங்கள். கிட் புத்தகத்தில் உள்ள மொத்தக் கொள்ளளவு அல்ல, நீங்களே வடித்து அளந்தது. டேங்க் மூடியருகே எரிபொருள் வகை. பெட்டி வைக்கும் இடத்தில் எடை வரம்பு. த்ராட்டில் (எஞ்சின் விசைக் கட்டுப்பாடு), மிக்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைக் கட்டுப்பாடு), கார்ப் ஹீட் (கார்புரேட்டர் சூடாக்கி) ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கம் நகர்த்தினால் என்ன ஆகும் என்ற குறி. வேகமானியில் வண்ண வளைவுகள் இருந்தாலும் மனூவரிங் வேகம் (இதற்கு மேல் கட்டுப்பாடுகளை முழுவதுமாகத் திருப்பக் கூடாது என்ற வேகம்) அதில் இருக்காது, அதைத் தனியாக ஒட்டுங்கள்.

பொருளில் கஞ்சத்தனம் வேண்டாம். டேங்க் மூடியருகே சாதாரண வினைல் ஸ்டிக்கர் சில தடவை பெட்ரோல் சிந்தினாலே ஓரம் சுருண்டுவிடும். அங்கே கிளியர்கோட்டுக்கு (நிறமற்ற மேல்பூச்சு) அடியில் எழுத்தை வையுங்கள், அல்லது பொறித்த தகடு போடுங்கள். பேனலுக்கு லேசரில் பொறிக்கும் இரட்டை அடுக்கு பிளாஸ்டிக் நன்றாக உழைக்கும். உலோகத்தில் ஒட்டுமுன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். அக்ரிலிக் கேனபிக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும், கரைப்பான் பட்டால் மயிரிழை விரிசல் விழும்.

இ.எல்.டி.யின் (விபத்தில் இடத்தைக் காட்டும் அவசர சமிக்ஞைக் கருவி) பேட்டரி மாற்ற வேண்டிய தேதி கருவியின் வெளிப்புறத்திலும் பராமரிப்புப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். கருவியை மாட்டிய பிறகு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நிற்காதபடி முதலிலேயே திருப்பி வையுங்கள்.