மின்வில் உலைக்கு ஸ்க்ராப் பக்கெட் அடுக்கும் முறை

உலையில் எலெக்ட்ரோடு (மின்வில்லை உண்டாக்கும் கிராஃபைட் தண்டு) முறிகிறதா? முதலில் ஸ்க்ராப் (பழைய இரும்பு) யார்டைப் பாருங்கள்.

ஸ்க்ராப்பை உலையில் கொட்டும் பக்கெட்டின் அடியில் லேசானதைப் பரப்புங்கள். கனமான இரும்பு விழும் அடியை அது தாங்கி, உலைத் தளத்தின் மேக்னசைட்டை (சூடு தாங்கும் பூச்சை) காக்கும். அதன்மேல், நடுப்பகுதியில், கனத்த துண்டுகள். அவற்றைச் சுவரோரம் குவித்தால் உருகும்போது சரிந்து எலெக்ட்ரோடை ஒடித்துவிடும். உச்சியில் மறுபடி லேசானது: எலெக்ட்ரோடு சீக்கிரம் துளைத்து இறங்கும், வில்லின் சூடு உலை மூடியை அரிக்காது. கான்கிரீட், மரம் போன்ற மின்சாரம் கடத்தாதவை மேலே இருக்கவே கூடாது. வில் பற்றாமல் எலெக்ட்ரோடு இறங்கிக்கொண்டே போய் மோதி உடையும்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது ஈரத்துக்குத்தான். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். உலையில் மிச்சம் வைத்த உருகிய எஃகின்மேல் நனைந்த ஸ்க்ராப்போ, மூடிய சிலிண்டரோ, ஷாக் அப்சார்பரோ விழுந்தால் வெடிக்கும். சிலிண்டரின் வால்வைக் கழற்றினால் போதாது. இரண்டாக வெட்டியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் கூரையடியில் கிடந்த சரக்கையே எடுங்கள்.

செம்பு உள்ள மோட்டார் சுற்றுகளையும் வயர்களையும் கையால் பொறுக்கி எடுப்பது வீண்வேலை அல்ல. எவ்வளவு ஆக்ஸிஜன் ஊதினாலும் செம்பு, எஃகின்மேல் மிதக்கும் கசடுக்குப் போகாது. எஃகிலேயே தங்கி, சூடாக உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விழும். கட்டுமானக் கம்பி 0.3% செம்பைத் தாங்கலாம், கார் தகடு 0.1 சதவீதத்தைக்கூடத் தாங்காது. அளவு மீறினால் அடுத்த பக்கெட்டில் தாதுவிலிருந்து எடுத்த இரும்பான ஸ்பாஞ்ச் அயர்ன் அல்லது பிக் அயர்ன் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள்.