ஹெட்ஃபோன் ஆம்ப் வாங்குவதும் 'ம்ம்ம்' சத்தத்தை நிறுத்துவதும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஆம்பை (ஹெட்ஃபோனுக்குப் போகும் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி) கேட்டுப் பார்த்து வாங்க வழியில்லை. ஆன்லைன்தான். அதனால் எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஹெட்ஃபோன் எத்தனை ஓம் (மின்தடையின் அளவு) என்று பாருங்கள். 32 ஓம் என்றால் பெரும்பாலும் லேப்டாப்பே போதும், வெள்ளியை (ரிங்கிட்டை) மிச்சம் பிடியுங்கள். சென்ஹைசர் ஹெச்டி 600 (300 ஓம்), பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகை போன்றவற்றுக்குத்தான் ஆம்பின் அருமை தெரியும்.

அடுத்து, ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்ப் வெளியீட்டின் மின்தடை; இதுவும் ஓமில்தான். ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. டியூப் ஆம்ப் (சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள் வைத்தது) பார்க்க அழகுதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத டியூப் வகைகளில் இந்த எண் அதிகம். 300 ஓமுக்கு ஒத்துப்போகும், 32 ஓமுக்குப் பொருந்தாது. அதோடு நம் ஊர்ப் புழுக்கத்தில் மேசைமேல் இன்னோர் அடுப்பு எதற்கு? என் ஓட்டு குழாய் இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்புக்கே.

டாக்கிலிருந்து (DAC, கணினியின் டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி) ஆம்புக்கு சிவப்பு வெள்ளை கேபிளை மாட்டுங்கள். கெயின் (ஆம்ப் ஒலியை எத்தனை மடங்கு பெருக்கும் என்ற சுவிட்ச்) லோவில், ஆம்பின் வால்யூம் சுழியத்தில், விண்டோஸ் வால்யூம் 100இல் இருக்கட்டும். அப்புறம் ஹெட்ஃபோனைச் செருகி மெல்லத் திருப்புங்கள். ஹை கெயினில் லேசாகத் திருப்பினாலே காது கிழியும். பல ஆம்புகளில் குமிழின் தொடக்கத்தில் இடது வலது சமமாக இருக்காது, பாடகர் ஒரு காதுப் பக்கம் ஒதுங்கிவிடுவார். லோ கெயினில் குமிழ் பத்து மணி, பன்னிரண்டு மணி நிலைக்கு வரும்போது அவர் நடுவுக்கு வந்துவிடுவார்.

இனி என்னைப் பாடாய்ப் படுத்திய விஷயம். பாட்டு ஓடாதபோதும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். ஆம்ப் பழுது என்று உடனே திருப்பி அனுப்பாதீர்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது கிரவுண்ட் லூப்: சார்ஜரின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் யூஎஸ்பி, ஆடியோ கேபிள்கள் வழியே வளையமாகச் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலை உள்ளே விடுகின்றன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். போகாவிட்டால், கணினியிலிருந்து டாக்குக்கு ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் போவது வெளிச்சம் மட்டும், வளையம் அறுந்துவிடும். கணினியில் ஆப்டிகல் துளை இல்லையா, யூஎஸ்பி ஐசொலேட்டர் (யூஎஸ்பி வழியே எர்த் சேராமல் பிரிக்கும் கருவி) வாங்கலாம். எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்.

பிற்சேர்க்கை: இடி மின்னலின்போது ஆம்பைக் காப்பாற்ற சுவிட்சை அணைத்தால் போதுமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். போதாது. பிளக்கையே உருவிவிடுங்கள், லேப்டாப்பில் இன்டர்நெட் கேபிள் இருந்தால் அதையும் சேர்த்து.