பெயரை நம்பிக் கல் வாங்குவது: பிறந்த மாதக் கற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் பிறந்த நாள் என்றாலே தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான். “ஆவணி உத்திரட்டாதி” என்று அப்பத்தா உடனே சொல்லிவிடுவார். ஆங்கிலத் தேதியைக் கேட்டால் சற்று யோசிப்பார். வெளிநாட்டில் இருக்கும் பேரன் அவருக்குப் பிறந்த மாதக் கல் பதித்த மோதிரம் ஒன்று வாங்கித் தர நினைக்கும்போது முதல் தவறு அங்கேயே நேர்ந்துவிடுகிறது. ஆவணி மாதம் ஆகஸ்டின் நடுவில் பிறந்து செப்டம்பரின் நடுவில் முடிகிறது. ஆகஸ்டு மாதத்துக்குச் சொல்லப்படுவது பெரிடாட் என்னும் இளம்பச்சைக் கல். செப்டம்பருக்கு உரியது நீலம். பள்ளிச் சான்றிதழைப் பார்த்துத் தேதியை முடிவு செய்வதும் எப்போதும் சரிவராது; சேர்க்கையின்போது வாத்தியார் தோராயமாக எழுதிய தேதியோடு வாழ்நாள் முழுவதையும் ஓட்டியவர்கள் நம் ஊர்களில் ஏராளம். ஜாதகத்திலோ பிறந்த ஆண்டின் பழைய பஞ்சாங்கத்திலோ பார்த்து ஆங்கிலத் தேதியை உறுதி செய்துகொண்ட பிறகே கல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

பிறந்த மாதக் கல்லையும் ராசிக்கல்லையும் ஒன்றாக எண்ணுவது இதைவிடப் பரவலான தவறு. மாணிக்கம் சூரியனுக்கும், முத்து சந்திரனுக்கும், பவளம் செவ்வாய்க்கும், பச்சை எனப்படும் மரகதம் புதனுக்கும், புஷ்பராகம் குருவுக்கும், வைரம் சுக்கிரனுக்கும், நீலம் சனிக்கும், கோமேதகம் ராகுவுக்கும், வைடூரியம் கேதுவுக்கும் உரியவை என்பது நம் மரபு. இவற்றுள் எதை அணியலாம் என்பதை ஜோதிடர் லக்கினத்தையும் கிரக நிலையையும் பார்த்துச் சொல்கிறாரே தவிர, ஆங்கில மாதத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. மாதக் கல் பட்டியலின் பிறப்பே வேறு. மாதத்துக்கு ஒரு கல் என்னும் எண்ணம் ஐரோப்பாவில் முன்பே இருந்தது என்றாலும், இன்று கடைகளில் காட்டப்படும் பட்டியல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் 1912ஆம் ஆண்டு கான்சாஸில் கூடி வகுத்ததாகும். 1952இல் அதைத் திருத்தி அலெக்சாண்ட்ரைட், சிட்ரின் முதலியவற்றைச் சேர்த்தார்கள். 2002இல் தான்சனைட்டும் 2016இல் ஸ்பினலும் இடம்பெற்றன. தான்சனைட் என்னும் கல் தான்சானியாவில் கண்டறியப்பட்டதே 1967இல்தான் என்பதால், அதை “தொன்றுதொட்டு வரும் டிசம்பர் கல்” என்று ஒரு விற்பனையாளர் வருணித்தால் புன்னகைத்துவிட்டு விலையை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். வணிகர்கள் வகுத்தது என்பதால் அந்தப் பட்டியல் இழிவானது என்று நான் சொல்லவில்லை. அன்பளிப்புக்கு அது அழகான சாக்கு. பரிகாரத்துக்கு அது ஆகாது.

பட்டியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரிக்குக் கார்னெட், நட்பும் பயணக் காப்பும் அதன் பொருள். பிப்ரவரிக்குச் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்), மது மயக்கம் அற்றது என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதன் ஆங்கிலப் பெயர் வந்ததால் அது தெளிந்த மனத்தைக் குறிக்கிறது. மார்ச்சுக்குக் கடல் நீர் நிறமுள்ள அக்வாமரின், ஏப்ரலுக்கு உறுதியைக் குறிக்கும் வைரம், மே மாதத்துக்குச் செழிப்பைக் குறிக்கும் மரகதம், ஜூனுக்குத் தூய்மையைக் குறிக்கும் முத்தும் அலெக்சாண்ட்ரைட்டும், ஜூலைக்கு மாணிக்கம், ஆகஸ்டுக்குப் பெரிடாட்டும் ஸ்பினலும், செப்டம்பருக்கு நீலம், அக்டோபருக்கு ஓப்பலும் டூர்மலினும், நவம்பருக்கு டோபாஸும் சிட்ரினும், டிசம்பருக்கு டர்க்காய்ஸும் ஜிர்கானும் தான்சனைட்டும் என்று அது முடிகிறது. பவளத்துக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. டர்க்காய்ஸுக்கு நவரத்தினத்தில் இடமில்லை.

கல்லுக்குச் சொல்லப்படும் பொருளும் ஊருக்கு ஊர் மாறும் என்பதை மறந்துவிடுவதால் குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வருவதுண்டு. மேல்நாட்டில் நீலம் உண்மைக்கும் கற்புக்கும் அடையாளம். நிச்சயதார்த்த மோதிரத்தில்கூட அதைப் பதிக்கிறார்கள். இங்கேயோ அது சனியின் கல். சில நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்து, கெட்ட கனவு வரவில்லை என்று தெரிந்த பிறகே அணியும் வழக்கம் உள்ள வீட்டில், செப்டம்பரில் பிறந்த மருமகளுக்கு முன்னறிவிப்பின்றி நீலக்கல் மோதிரத்தை நீட்டினால் ஆச்சியின் முகம் மாறத்தான் செய்யும். ஜூலையில் ஒன்றும் செப்டம்பரில் ஒன்றுமாகப் பிறந்த இரண்டு பிள்ளைகளின் கற்களை ஒரே பதக்கத்தில் கோத்துத் தாய்க்கு அளிப்பதும் அவ்வாறே. ஜோதிடத்தில் சூரியனும் சனியும் பகை என்பதால் மாணிக்கமும் நீலமும் சேரக்கூடாது என்பார்கள். விந்தை என்னவென்றால் அவை இரண்டும் குருந்தம் என்னும் ஒரே கனிமம். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். நவரத்தின மோதிரத்தில் மாணிக்கத்தை நடுவில் வைத்து நீலத்தையும் அதே வட்டத்தில் பதிப்பதை யாரும் தடுப்பதில்லை என்பதையும் ஆச்சியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம்.

ஆனால் பணம் பறிபோகும் இடம் வேறு. அது பெயர். புஷ்பராகம் என்று ஜோதிடர் குறிப்பது மஞ்சள் நிறக் குருந்தத்தை. நவம்பர் கல்லாகிய டோபாஸையும் கடைகளில் புஷ்பராகம் என்றே சொல்கிறார்கள். அதோடு நில்லாமல், சிட்ரினை “கோல்டன் டோபாஸ்” என்று விற்பதும் உண்டு. அந்தச் சிட்ரினிலும் பெரும்பகுதி சூடேற்றி மஞ்சளாக்கிய செவ்வந்திக்கல்தான். ஆக ஒரே பெயரின் கீழ் மூன்று கற்கள் வருகின்றன. மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை குருந்தத்துக்கு 9, டோபாஸுக்கு 8, சிட்ரினுக்கு 7, விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டிசம்பர் கல்லாகிய ஜிர்கானிலும் இதே குழப்பம். ஜிர்கான் மண்ணில் விளையும் கனிமம். க்யூபிக் ஜிர்கோனியா ஆலையில் வளர்க்கப்படுவது, நாம் அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்வது அதைத்தான். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் செயற்கை வைரத்தைப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு தண்ணீர் பட்ட பாடு. நகரத்துக் கடை மேசைக்கு முன்னால் உட்காரும் நமக்குத்தான் தடுமாற்றம். கோமேதகமோ கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்த ஹெசொனைட். எனவே ஜனவரிக் கல் என்று கேட்பவருக்கு அதைக் கொடுத்தால் பொய் ஆகாது, என்றாலும் அவர் ராகுவின் கல்லை அணிகிறார் என்பதைச் சொல்லிவிடுவது நியாயம்.

சிவப்புக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் செட்டிநாட்டில் இதில்தான் நம்பிக்கை அதிகம், சோதனை குறைவு. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன தலைமுறை அங்கிருந்து தேக்கு மரத்தோடு மாணிக்கத்தையும் கொண்டுவந்தது. மோகோக் பள்ளத்தாக்கின் கற்களுக்கு இன்றும் உலகில் தனி மதிப்பு. இதனால் பெட்டகத்தில் உள்ள சிவப்புக் கல் எல்லாம் பர்மா மாணிக்கம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. கெம்பு என்னும் சொல்லுக்குச் சிவப்பு என்பதற்கு மேல் பொருள் இல்லை. திருமணச் சீர்களைக் குறித்த பழைய முறைச்சிட்டையில் கெம்பு என்று எழுதியிருந்தால் அது மாணிக்கமாகவும் இருக்கலாம், கார்னெட்டாகவும் இருக்கலாம், கண்ணாடியாகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முகப்பில் நூற்றாண்டுகளாக மாணிக்கம் என்று போற்றப்பட்ட பெரிய சிவப்புக் கல்லே ஸ்பினல் என்னும் வேறு கனிமம்தான் என்று பின்னர் தெரியவந்தது. மேலும், வெர்னாய் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் தீச்சுடரில் மாணிக்கத்தை வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். செட்டிநாட்டு மாளிகைகள் மளமளவென்று எழும்பிய காலமும் அதுதான். ஆகவே நூறு ஆண்டுப் பழமை என்பது கல் இயற்கையானது என்பதற்குச் சான்றாகாது. செயற்கை மாணிக்கத்துக்கும் இயற்கை மாணிக்கத்துக்கும் வேதிப் பொருள் ஒன்றே என்பதால் எடையாலும் உரசிப் பார்ப்பதாலும் வேறுபாடு தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வில் போல் வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் தென்பட்டால் அது வெர்னாய் முறைக் கல் என்று கொள்ளலாம். எங்கள் வீட்டு அட்டிகை ஒன்றைப் பழுதுபார்க்கப் பத்தரிடம் கொடுத்தபோது, மூன்று தலைமுறையாக மாணிக்கம் என்று சொல்லி வந்த கற்களில் சில, பின்னால் சிவப்புத் தகடு வைத்த கண்ணாடி என்று தெரிந்தது. அப்பத்தா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். வருத்தப்பட்டது பாகம் பிரிக்கக் காத்திருந்தவர்கள்தான்.

ஏப்ரல் கல்லாகிய வைரத்திலும் பெயர் ஒரு வலை. ஏழுகல் தோட்டிலும் பேசரியிலும் ப்ளூ ஜாகர் வைரம் இருந்தால் அது பெருமை என்று கருதுகிறோம். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்த சொல் அது. அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரால் கல்லுக்குள் எழும் நீல ஒளிர்வே அந்த நிறத்துக்குக் காரணம். இன்று நீலச் சாயல் காட்டும் எந்த வைரத்தையும் ப்ளூ ஜாகர் என்று அழைக்கிறார்கள். நம் ஊரில் கூடுதல் விலை கேட்கும் இந்த ஒளிர்வு உலகச் சந்தையில் பெரும்பாலும் விலையைக் குறைக்கும் என்பதை, விற்கப் போகும் நாளில் அல்லாமல் வாங்கும் நாளிலேயே அறிந்திருப்பது நல்லது. வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கையும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை எண்ணிச் சொல்கிறது. கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

பின்புறம் மூடிய பழைய நகையை உடைத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மாதக் கல் மோதிரம் செய்வது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத செயல். மூடிய கட்டடத்தில், அதாவது பின்புறம் அடைத்த பதிப்பில், கல்லுக்குப் பின்னால் உள்ள தகடே பாதி நிறத்தைத் தருகிறது. கல்லைப் பெயர்த்துத் திறந்த கட்டடத்தில் வைத்தவுடன் அது வெளிறித் தெரியும், பழைய வேலைப்பாடும் போய்விடும். செய்தே தீர வேண்டுமென்றால் கற்களை எண்ணி, நிறுத்து, படம் எடுத்து வைத்த பிறகு கொடுக்க வேண்டும்.

கணக்கிலும் இரண்டு சறுக்கல்கள் உண்டு. தங்கத்தில் காரட் என்பது தூய்மை. கல்லில் காரட் என்பது எடை, ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம். ஜோதிடர் ரத்தியில் சொல்வார், ரத்தியின் எடை இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகையால் மில்லிகிராமில் எழுதி வாங்குவதே சரி. நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு மட்டுமே பொறுப்பு ஏற்கிறது, கல்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. விலையுயர்ந்த கல்லுக்குத் தனியாக ஆய்வகச் சான்று கேட்க வேண்டும்; அதில் கல்லின் இனம், எடை, செய்யப்பட்ட பதப்படுத்தல் ஆகிய மூன்றையும் படித்துப் பார்க்க வேண்டும். மாணிக்கத்தின் விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பியிருந்தால் எலுமிச்சைச் சாறு பட்டாலே அது அரிக்கப்படும், சமையலறையில் நிற்கும் கைக்கு அந்த மோதிரம் உதவாது.

எல்லாக் கல்லையும் ஒரே விதமாகக் கழுவுவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. மரகதத்தின் விரிசல்களில் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெந்நீரிலும் மீயொலிக் கருவியிலும் அது வெளியேறி, கீறல்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். டர்க்காய்ஸ் நுண்துளைகள் கொண்டது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அதைக் கழற்றி வைக்காவிட்டால் நீலம் மெல்ல மெல்லப் பச்சையாகிவிடும். ஓப்பலுக்குள் நீர் இருப்பதால் சித்திரை வெயிலில் காயும் மாடத்தில் வைத்தால் வெடிப்பு விடலாம். முத்து எல்லாவற்றிலும் மென்மையானது. வியர்வை, வாசனைத் திரவியம், புளி எதுவும் அதற்கு ஆகாது. அதை அலங்காரம் எல்லாம் முடிந்த பின் கடைசியாக அணிந்து, வந்தவுடன் முதலில் கழற்றி, ஈரம் போக மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, வைரத்தோடு உரசாமல் தனி முடிச்சில் வைக்க வேண்டும். சரத்தின் பட்டு நூல் நெகிழ்ந்து முத்துகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால், அடுத்த விசேஷத்துக்குக் காத்திராமல் கோத்து வாங்கிவிட வேண்டும்.