கறுப்பு டீ-ஷர்ட்டில் படம் ஒட்ட அயர்ன் பாக்ஸ் போதும்

கேரம் கிளப்போ ஃபுட்பால் டீமோ இல்லாத தெருவை வட சென்னையில் தேடத்தான் வேண்டும். டீம் என்றால் டீ-ஷர்ட் வேண்டும், டீ-ஷர்ட் என்றால் கறுப்பு அல்லது கருநீலம்தான் வேண்டும். நாலைந்து பீஸுக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் கட்டுப்படியாகாது. அந்த மாதிரி சின்ன எண்ணிக்கைக்கு ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர், அதாவது படத்தைப் பிரிண்ட் செய்து சூட்டில் துணியில் ஒட்டும் தாள், நல்ல வழி.

முதலில் ஒரு விஷயம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. பிரிண்டில் நாம் பார்க்கிற வெள்ளை, தாளின் வெள்ளை. மற்ற நிறங்களும் கண்ணாடி மாதிரி அடியில் இருப்பதைக் காட்டுபவை, கறுப்புத் துணிமேல் விழுந்தால் காணாமல் போய்விடும். அதனால்தான் 'டார்க்' என்று போட்ட பேப்பரில் வெள்ளைப் படலம் ஒன்று இருக்கிறது. மை அதன்மேல் விழுகிறது, அந்தப் படலம் அப்படியே துணியில் ஒட்டுகிறது. நீங்கள் வெட்டி எடுக்காத இடமெல்லாம் வெள்ளையாகவே சட்டையில் நிற்கும். அதனால் இந்த வேலையில் பாதி கத்தரிக்கோலில்தான் இருக்கிறது.

வாங்கும்போது

பேப்பருக்குப் பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில் விசாரியுங்கள், ஆன்லைனிலும் கிடைக்கும். பாக்கெட்டில் இரண்டு சொற்களைப் பாருங்கள்: 'டார்க்', 'இங்க்ஜெட்'. 'லைட்' பேப்பர் வெள்ளைச் சட்டைக்கானது, கறுப்பில் வேலைக்கு ஆகாது. இங்க்ஜெட் பேப்பரை லேசர் பிரிண்டருக்குள் விட்டால் உள்ளே சூட்டில் உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்கப் போகிறவர்கள் என்ன மெஷின் என்று கேட்டுவிட்டுத் தாளை நீட்டுங்கள்.

டீ-ஷர்ட் பருத்தியாக இருக்கட்டும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பிளெய்ன் டீ-ஷர்ட் பார்த்தால் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்) என்று கேளுங்கள், அந்தக் கனம் சூட்டைத் தாங்கும். பளபளவென்று இருக்கும் பாலியஸ்டர் ஜெர்சி வேண்டாம். அயர்ன் சூட்டில் துணி மின்னும், சாயம் மேலேறி வெள்ளைப் படலத்தையும் கறையாக்கும்.

டிசைனும் பிரிண்டும்

லைட் பேப்பரில் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட வேண்டும். டார்க் பேப்பரில் அது கூடாது, நேராகவே பிரிண்ட் செய்யுங்கள். சில பிரிண்டர்களில் 'டீ-ஷர்ட் ட்ரான்ஸ்ஃபர்' என்ற செட்டிங்கைத் தொட்டாலே தானாகத் திருப்பிவிடும். அதனால் முதலில் சாதாரணத் தாளில் ஒன்று எடுத்து, சட்டைமேல் வைத்துப் பாருங்கள். அளவும் தெரிந்துவிடும்.

தமிழில் பெயர் போடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. 'காசிமேடு' என்று எழுதினால் புள்ளியே இல்லை. 'தண்டையார்பேட்டை' என்றால் மூன்று புள்ளி, தவிர ஐகாரச் சுழி, ஏகாரக் கொம்பு எல்லாம் உண்டு. எழுத்து எழுத்தாக வெட்டினால் புள்ளி தனியாக உதிரும், சுழிக்குள்ளே கத்தரிக்கோல் நுழையாது. பெயரைச் சுற்றித் தடித்த ஒரு கரை கொடுத்து, மொத்தத்தையும் ஒரே பட்டையாக வெட்டுங்கள். கரை மஞ்சளோ சிவப்போ, ஏன் வெள்ளையாகவே இருந்தாலும் எடுப்பாகத்தான் இருக்கும். சட்டை நிறத்திலேயே பின்னணி அடித்து மறைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிரிண்டர் கறுப்பும் சட்டைக் கறுப்பும் பொருந்தவே பொருந்தாது.

பேப்பரின் ஒரு பக்கத்தில் கட்டம் போட்டிருந்தால் அது பின்பக்கம், வெற்றுப் பக்கத்தில்தான் அச்சு விழ வேண்டும். ஒவ்வொரு தாளாக விடுங்கள். எடுத்ததும் கை வைக்காமல் மை நன்றாகக் காயட்டும். பிரிண்டரில் பிக்மென்ட் (நிறத்துகள்) மை இருந்தால் துவைத்தாலும் நிறம் நிற்கும், டை (கரையும் சாயம்) மை சீக்கிரம் மங்கும்.

அப்புறம் வெட்டுங்கள். கூரான மூலை எதையும் விடாதீர்கள், பின்னால் உரிய ஆரம்பிப்பது அங்கேதான். எல்லா மூலையையும் வளைத்துவிட்டு, பின்தாளை ஒரு ஓரத்தில் நகத்தால் கிளப்பி மெதுவாக உரியுங்கள். கையில் மிஞ்சுவது ரப்பர் மாதிரி இழுபடும் மெல்லிய படலம். இழுத்துவிடாதீர்கள், எழுத்து கோணலாகிவிடும்.

ஒட்டுவது

அயர்ன் டேபிள் மெத்தென்று இருக்கும், அழுத்தம் நிற்காது. கடப்பா கல் சூட்டைக் குடித்துவிடும். பிளைவுட் பலகையைத் தரையில் வைத்து, மேலே தலையணை உறையை ஒரு மடிப்பு விரித்துக்கொள்ளுங்கள். முட்டி போட்டு உட்கார்ந்தால் உடம்பு எடையும் சேர்ந்து அழுத்தும்.

ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் காற்றில் துணி எப்போதும் லேசாக ஈரம் பிடித்திருக்கும். தொட்டால் தெரியாது, சூடு பட்டதும் ஆவியாகி படலத்துக்கு அடியில் கொப்புளம் போடும். அதனால் படம் வரும் இடத்தை முதலில் ஐந்து பத்து விநாடி தேயுங்கள். மழைக்காலத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது. மீதி பேப்பரையும் காற்றுப் புகாத கவரில் வையுங்கள்.

அயர்ன் பாக்ஸில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிட்டு, ஸ்டீமை அணைத்து, 'காட்டன்' சூட்டில் வையுங்கள். சட்டையை நெடுக்காக மடித்துத் தேய்த்தால் நடுக்கோடு கிடைக்கும். கழுத்துப் பட்டியிலிருந்து நான்கு விரல் கீழே படத்தை மேல்நோக்கி வைத்து, பாக்கெட்டில் கூடவே வரும் சிலிக்கான் தாளை மேலே மூடுங்கள். அது இல்லையென்றால் கேக் செய்ய வாங்கும் பேக்கிங் பேப்பர் போதும். மெழுகுத் தாள் கூடாது, உருகும்.

இங்கே தேய்க்கக் கூடாது, அழுத்த வேண்டும். அயர்ன் பாக்ஸை ஒரு இடத்தில் வைத்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வரை இரண்டு கையாலும் அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். ஆவி ஓட்டைகளுக்கு நேரே சூடு குறைவாக விழும் என்பதால், பாதி முன் இடத்தின் மேலேயே ஏறும்படி நகர்த்துங்கள். ஓரங்களுக்கு இன்னொரு சுற்று. ஹீட் பிரஸ் (சூடான தட்டால் அழுத்தும் மெஷின்) வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 160 முதல் 180 டிகிரிக்குள், 15 முதல் 30 விநாடி. தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணனிடம் கொடுத்தால் என்ன என்று தோன்றும். கரிப்பெட்டி கனமானதுதான், ஆனால் அதன் சூடு எவ்வளவு என்று அவருக்கே கைப்பழக்கம்தான், படலம் கருகலாம்.

நன்றாக ஆறிய பிறகு மேல்தாளை எடுங்கள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். எழும்பினால் தாளை மூடி அந்த இடத்தை மட்டும் மறுபடி அழுத்தினால் போதும்.

ஒரு நாள் கழித்துத் துவையுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் கையால் அலசினால் போதும். கல்லில் அடிப்பது, பிரஷ், பிளீச் மூன்றும் ஆகாது. நிழலில் காயவையுங்கள். தேய்க்கும்போது படத்தின்மேல் நேராக அயர்ன் படக்கூடாது.

நெஞ்சு முழுக்க ஏ4 அளவுக்குப் படம் வேண்டும் என்பவர்களுக்கு: அது காற்றுப் புகாத பிளாஸ்டிக் படலம். மே மாத வெயிலில் மைதானத்தில் போட்டு ஓடினால் நெஞ்சில் வேர்வை தேங்கும். இடது நெஞ்சில் ஒரு கையகலம் போதும் என்பது என் கட்சி. முதுகிலும் பெரிதாக வேண்டும், இருபது பேருக்கும் வேண்டும் என்றால் டி.டி.எஃப். (ஃபிலிமில் அச்சடித்துத் துணிக்கு மாற்றும் முறை) போடும் கடைக்குப் போய்விடுங்கள். அதில் வெள்ளை மையும் மெஷினே அடித்துவிடும், கத்தரிக்கோல் வேலை கிடையாது.